பார்த்துப் பொறுக்கிய நூறு

அக்கா,

எதிர்வீட்டில் ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து தின்னர் வாடை என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கதவைச் சாத்தியும் போகவில்லை. மெழுகு கரைவதற்காகக் கண்ணாடித் துண்டுகளைச் சைலீனில் முக்கி முக்கி எடுப்போமே, கிட்டத்தட்ட அதே வாடை. நம் புடவையில் ஏறிக்கொண்டு வீடு வரை கூடவே வரும். கோட்டுச்சேரி பஸ்ஸில் உன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்களாம். "எனக்கு டெய்லி ரெண்டு சீட்டுடி, ஒரு டிக்கெட்டுல" என்று பீற்றிக்கொள்வாய்.

இந்த வாடைக்கு எனக்கு அழுகை வரும் என்று நினைத்தால் நீ ஏமாந்துபோவாய். கோபம்தான் வந்தது. யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். ஐந்து வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றைச் சொல்லப்போகிறேன். உயிரோடு இருந்தபோது கேட்டாய், பொய் சொன்னேன். இப்போது நீ கேட்காமலே உண்மையைச் சொல்கிறேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

முசே வீட்டு முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் நம் லேப். காரைக்காலில் பிறந்து, பிரான்சு ஆஸ்பத்திரிகளில் காலமெல்லாம் திசுக்களைப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பிய டாக்டர். அவர் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, பிரெஞ்சு மரியாதையில் முசே என்றால் ரிக்‌ஷாக்காரருக்கும் தெரியும். வரும்போது ஒரு நுண்ணோக்கியையும் ஒரு கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டுவந்தார். டைப்ரைட்டரையும் டி.வி.யையும் ஒன்றாகக் கட்டிவைத்த மாதிரி இருந்த அந்தச் சாமானை முதல் நாள் பார்த்துவிட்டு, "இதுல படம் வருமா முசே?" என்று நீதான் கேட்டாய். "வரும்மா, ஆனா எல்லாம் மூளைப் படம்தான்" என்றார்.

மூளையில் வரும் கட்டிக்கு ஒன்று முதல் நாலு வரை கிரேடு. இரண்டு என்றால் ஆள் பல வருஷம் நடமாடலாம். நாலு என்றால் மாசக்கணக்குத்தான். இரண்டா மூன்றா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் டாக்டருக்கு டாக்டர் மாறும். அதை அளந்து சொல்லிவிட முடியுமா என்பது முசேயின் ஆசை. இன்னொரு காரணமும் இருந்தது, நம் இருவருக்கு மட்டும் தெரிந்த காரணம். அவர் கண்களில் புரை விழ ஆரம்பித்திருந்தது. நாம் காட்டிய இடத்தைத்தான் அவர் பார்த்தார்.

நுண்ணோக்கியின் பக்கவாட்டுக் குழாய் வழியாகப் பார்த்தால், செல்லின் மேலேயே நம் கைப் பேனாவின் நுனி ஒரு விளக்குப் பொட்டாகத் தெரியும். மேஜைமேல் இருக்கும் தட்டில் அந்தப் பேனாவால் செல்லின் கருவைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். அதன் பரப்பு எவ்வளவு, ஓரம் எவ்வளவு கோணல் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ஒரு ஆளுக்கு நூறு கரு. முடிவில் ஓர் எண் வரும், அந்த எண் விழும் இடத்தை வைத்து கிரேடு. நடுவில் மின்சாரம் போனால் நூறும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அந்த மாதிரி நாளில் நீ மின்சார இலாகாவைத் திட்டும் திட்டை முசே பிரெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்.

எந்த நூறு என்பதில்தான் எல்லாம் இருந்தது. கட்டி என்பது ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரத்தில் சாதுவாக இருக்கும், உள்ளே வெறிபிடித்துக் கிடக்கும். ஆகவே முசே ஒரு முறை வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியை நகர்த்தும் திருகைத் திருப்ப வேண்டும். நின்ற இடத்தில் கண்ணைத் திறந்து, அங்கே இருப்பதில் பத்து. மறுபடி மூடி, மறுபடி திருப்பி, இன்னொரு பத்து. ஒருநாள் நான் கண்ணைத் திறந்தபடியே திருப்பியதை நீ பார்த்துவிட்டாய். நல்ல உருண்டையாக, சாயம் சீராகப் பிடித்த கருக்களாக நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னடி, பொண்ணு பாக்க வந்திருக்கியா? லட்சணமாப் பொறுக்குற?"

"கோடு இழுக்க சுளுவா இருக்குக்கா."

"சுளுவா இருக்குன்னு ஒருத்தர் தலையெழுத்த மாத்துவியா? திருப்பு. அப்புறம் பாரு."

அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய். ஆனாலும் நான் இழுத்து வைத்திருந்த நாற்பதையும் அழிக்கவைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனாய்.

உன் நோயைக் கண்டுபிடித்ததும் அந்த மிஷின்தான். அந்த ஆடி மாசம், நீ கோடு இழுத்த இடங்களையெல்லாம் புள்ளி புள்ளியாக அச்சடித்த தாள்களை நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளிலும் வட்டத்தின் வலது பாதியில்தான் புள்ளிகள். இடது பாதி வெறும் வெள்ளை. ஒரு தாள் என்றால் தற்செயல். எட்டு தாளிலும் அப்படியே இருந்தது. "இந்தப் பக்கம் ஏன்கா விட்டுட்ட?" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றாய். தாளை உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். அப்போதும் நீ வலது பாதியைத்தான் பார்த்தாய். அன்று மத்தியானம் உன் டிபன் பாக்ஸில் இடது பக்கத்து எலுமிச்சைச் சாதம் அப்படியே இருந்தது. "போதும்டி, இன்னிக்கு கொஞ்சமாத்தான் கட்டுனேன்" என்று மூடினாய். முசே உன் முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். "மூளைல வலது பக்கம்" என்றார்.

மதராஸில் ஆபரேஷன் ஆயிற்று. அங்கே எடுத்துப் பார்த்த துணுக்கில் இரண்டா மூன்றா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். இன்னும் திசு இருக்கிறது, வேறு இடத்திலும் காட்டுங்கள் என்றார்களாம். நீதான் அடம்பிடித்தாய், நம் மிஷினில்தான் அளக்க வேண்டும் என்று. சார்தான், உன் வீட்டுக்காரர், உன் திசுவை மெழுகில் பதித்த இரண்டு வில்லைகளாக, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் டப்பாவில் பஞ்சு வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவர் கணக்கு வாத்தியார், எதையும் வரிசையாகச் சொல்வார். அன்றும் வரிசையாகத்தான் சொன்னார்.

"ரெண்டுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுனாப் போதுமாம். மூணோ நாலோன்னா ஒருநாள்கூடத் தள்ளாம கரண்ட் வெக்கணுமாம், அதான் ரேடியேஷன், ஆறு வாரம். அங்கயே தங்கி. நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கிறேன்மா."

இரண்டு வில்லையையும் நானேதான் சீவினேன், சாயம் ஏற்றினேன். வேலை என்று வந்தால் கை தன்பாட்டுக்குச் செய்துவிடுகிறது. இரண்டாவது வில்லையின் கண்ணாடியைத்தான் முதலில் வைத்தேன். கண்ணை மூடினேன். திருப்பினேன். திறந்தேன்.

அக்கா, நாம் இரண்டு பேரும் எத்தனையோ நாலைப் பார்த்தவர்கள். அது நாலு. மிஷின் வேண்டாம், அளவு வேண்டாம். கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கன்னங்கரேலென்று, நடுவில் செத்துப்போன திட்டு. வேறொருவருடையதாக இருந்தால் "பாவம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுக் கோடு இழுத்திருப்பேன். அன்று நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கண்ணாடியை எடுத்துப் பெட்டியில் போட்டு, முதல் வில்லையின் கண்ணாடியை வைத்தேன். அது கட்டியின் ஓரம் போலிருக்கிறது. சாதுவாக இருந்தது. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து, சின்னதாக, உருண்டையாக, லட்சணமாக நூறு கருக்களைப் பொறுக்கினேன். உன் மேலிருந்த பாசம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். பயம்தான். உன்னிடம் போய் நாலு என்று சொல்லும் வாய் எனக்கு இல்லை. முதலில் ஒரு நல்ல சேதி போகட்டும், நாளைக்கு முசேயிடம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. முடிவில் கம்ப்யூட்டர் வழக்கம்போல் பிரெஞ்சில், சேமிக்கவா என்று கேட்டது. 'வுய்' தட்டினேன், ஆமாம் என்று.

முசே வந்து குனிந்து பார்த்தார், நான் வைத்திருந்த அந்தச் சாதுவான இடத்தை. "ரெண்டுதான்மா" என்று என் தலையில் கை வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. சார் மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். நான் எதையும் திருத்தவில்லை.

வார முடிவில் மதராஸுக்கு உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலின் இடது பக்கம் ஒரு ஸ்டூல், வலது பக்கம் ஒரு நாற்காலி. நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் உனக்கு எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

"எங்கடி இருக்க? குரல் மட்டும் வருது."

"இங்கதான்கா."

"எங்கெங்க எடுத்த?"

"பத்து எடம். கண்ண மூடித்தான் திருப்புனேன்."

"அப்பச் சரி" என்றாய். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கண்ணை மூடித்தான் திருப்பினேன் என்றால் உனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. என் கையை நீ தேடியது தெரிந்தது, வலது பக்கத்துப் போர்வைமேல்.

நீ வீட்டுக்கு வந்தாய். ஐந்து மாசம். முதல் இரண்டு மாசம் நன்றாகத்தான் இருந்தாய், அதுதான் என்னை இன்னும் கெடுத்தது. ஒருவேளை நான் கண்டதுதான் தப்போ, மிஷின் சொன்னதுதான் நிஜமோ என்றுகூட நம்ப ஆரம்பித்தேன். என்னைவிட மடச்சி யாராவது உண்டா சொல். மூன்றாம் மாசம் இடது கை விழுந்தது. "ரெண்டுதானடி, வீக்கம் வடியணும், மெதுவாத்தான் வரும்" என்று நீதான் எனக்குத் தைரியம் சொன்னாய். உன் பெண் உமாவின் மூன்றாம் வகுப்புப் புத்தகங்களுக்கு ஒற்றைக் கையால் அட்டை போட்டாய். அடுத்த வருஷம் அவளை டவுனில் சேர்ப்பது பற்றி, தீபாவளிக்கு எடுக்க வேண்டிய துணி பற்றி, திரும்ப லேபுக்கு வந்தால் எந்தப் பக்கத்து நாற்காலி வசதி என்பது பற்றியெல்லாம் பேசினாய். நான் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன். கடைசி மூன்று வாரம் பேச்சு இல்லை. தை பிறந்து நாலாம் நாள் போய்விட்டாய்.

இதோடு என் பாவம் முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி. முடியவில்லை.

முசேயிடம் பெரிய தாள் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி. மிஷின் சொன்ன எண் ஒரு பக்கம், ஆள் இருந்த காலம் இன்னொரு பக்கம். நடுவில் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. அதற்கு அந்தண்டை ஆபத்து, இந்தண்டை பயமில்லை. நீ போன பிறகு உன் புள்ளியை வைத்தார். எல்லாப் புள்ளியும் ஒரு சரிவில் போகின்றன, உன் புள்ளி மட்டும் தனியாக, கோட்டுக்கு இந்தண்டை. சாதுவான எண், ஐந்து மாசம். முசே நாள் கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நம்மிடம் இருந்ததே கொஞ்சம் பேருடைய கணக்கு, அதில் ஒன்று இப்படி என்றால் லேசில் தள்ள முடியாது. "கோடுதாம்மா தப்பு. அவங்க மாதிரி இன்னொருத்தரத் தவறவிடக் கூடாது" என்று சொல்லி, ரப்பரால் அழித்து, கோட்டை உன் புள்ளிக்கு இந்தண்டை போட்டார். நான் பக்கத்தில் நின்று ஸ்கேலைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் இரண்டு பேருக்கு அறிக்கை போயிற்று. பழைய கோட்டின்படி பயமில்லாதவர்கள், புதுக் கோட்டின்படி ஆபத்து. இரண்டு பேருமே சின்ன வயசு. கரண்ட் வைக்க அனுப்பப்பட்டார்கள். தலையில் அதை வைத்தால் என்னென்ன போகும் என்று நமக்குத் தெரியும். வேண்டாதவர்களுக்கு வைத்தால் யார் பொறுப்பு? அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை அக்கா.

மூன்றாவதாக ஒரு உம்மா வந்தார். மகன் சவுதியில் வேலை, விடுப்பில் வந்த இடத்தில் வலிப்பு வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அறிக்கை வாங்க அவர் மட்டும் தனியாக வந்து, லேப் வாசலில் முக்காட்டைச் சரிசெய்தபடி நின்றார்.

"மிஷினு என்னம்மா சொல்லுது? புள்ள அடுத்த மாசம் திரும்பணும், விசா முடிஞ்சிரும்."

"இன்னும் முடியலங்க."

"நல்லதாப் பாத்துச் சொல்லும்மா. நீங்க சொல்றதத்தான் டாக்டரு கேப்பாராம்ல. அல்லாவுக்கு அடுத்து ஒங்க கையிதான்."

என் கையாம். அவர் மகனுடையது இரண்டுதான், முறைப்படி எடுத்தது. எண் பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவில் விழுந்திருந்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு முசே அறைக்குப் போனேன். "முசே, அக்காவோட புள்ளி பொய்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுவரைக்கும் எத்தன பேருக்கு அனுப்பிட்டோம்?"

"ரெண்டு பேரு."

உடனே அந்த இரண்டு டாக்டர்களுக்கும் கடிதம் எழுதினார், தன் தவறு என்று. என் பெயர் அதில் இல்லை. ஒருவருக்கு ஆறு வாரமும் முடிந்திருந்தது. இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "ஒங்களையும் அனுப்பிட்டா எனக்குக் கண்ணு கெடையாதும்மா. அதான் ஒங்களுக்குத் தண்டன, இருங்க" என்றார். அந்த உம்மாவின் மகனுக்கு இரண்டு என்று அறிக்கை கொடுத்தோம். அவன் சவுதிக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்வி.

அன்றே உன் இரண்டு கண்ணாடியையும் எடுத்து மறுபடி அளந்தேன். முறைப்படி. முசே பக்கத்தில் நின்றார். நாலு என்று வந்தது. கரண்ட் வைத்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று அவரைக் கேட்டேன். "பொழைச்சிருக்க மாட்டாங்க. சில மாசம் கூட இருந்திருப்பாங்க" என்றார். சில மாசம்தானே என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். கோட்டுச்சேரிக்குப் போய் சாரிடம் சொல்லும் வரைக்கும்தான் அந்தத் தேறுதல்.

அவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். உமா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்தேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"பேச்சு இருந்த வரைக்கும் தீபாவளித் துணி, பொங்கல் துணின்னே பேசுனாம்மா. நானும் பேசுனேன். பள்ளிக்கூடம், கூரைல ஒழுகுறது, இதே பேச்சு. போறான்னு தெரிஞ்சிருந்தா வேற பேசியிருப்பேன். அவளும் எதாவது சொல்லியிருப்பா. புள்ளைக்கிட்டயாவது சொல்லியிருப்பா. பேச்சு நின்னப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

பிறகு, "கோவப்படத் தெம்பு இல்ல. உமாகிட்ட நான் சொல்ல மாட்டேன். புரியிற வயசு வரட்டும், நீங்கதான் சொல்லணும்" என்றார். சரி என்றேன். அந்தச் சில மாசத்தைவிட, இருந்த ஐந்து மாசத்தையும் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டவள் நான் என்பது அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

உமாவுக்கு இப்போது பதினாலு. என் அம்மா போன பிறகு கோவில்பத்து வீட்டில் நான் தனிதான், அவள் சனிக்கிழமை தோறும் வருவாள். இங்கேதான் சாப்பாடு, பாடம் எல்லாம். என்னைச் சித்தி என்பாள். தட்டில் சோறு போட்டால் உன்னை மாதிரியே நடுவில் குழி செய்து ரசத்தை ஊற்றுவாள். போன மாசம் ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"சித்தி, செத்துப் போயிருவோம்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"ஒங்களுக்கு?"

புரியும் வயசு என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன், இன்னும் மூன்று நாலு வருஷம் என்று. அவளிடம் அந்தக் கணக்கு இல்லை. உனக்குச் சொன்ன பொய்யை உன் பெண்ணுக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன். கண்ணாடி, வில்லை, நான் பொறுக்கிய நூறு, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த பக்கம், எதையும் விடவில்லை. அவள் அழவில்லை. கையைக் கழுவினாள், நோட்டுகளை எடுத்துப் பையில் வைத்தாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. வரவில்லை. வராமலே போனால் அது அவள் பக்கத்து நியாயம், நான் போய்க் கூப்பிட மாட்டேன். சனிக்கிழமை உலையில் இரண்டு பேருக்கு அரிசி போடுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை.